விக்டோரியா தினம் வரை காத்திருக்க வேண்டுமா?

கனடாவில் தோட்டம் போடுகிறவர்களிடம் தக்காளிக் கன்றை எப்போது வெளியில் நடலாம் என்று கேட்டால், நாட்டின் எந்த மூலையில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: விக்டோரியா தின வாரயிறுதி. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அந்த விடுமுறை. ஆகவே அது மே 18க்கும் 24க்கும் இடையில் விழும். 1819 மே 24 அன்று பிறந்த ஓர் அரசியின் பிறந்தநாளை 1845இல் அன்றைய கனடா மாகாணத்தின் சட்டமன்றம் விடுமுறையாக்கியபோது அங்கிருந்த எவருக்கும் தக்காளி நினைவில் இருந்திருக்காது. ஆனால் மூன்று நாள் ஓய்வு, ஓரளவு காய்ந்த மண், கடை வாசலில் குவிந்த நாற்றுத் தட்டுகள் எல்லாம் அந்த வாரத்தில் ஒன்றுகூடுவதால் அரசியின் நாள் தோட்டக்காரர்களின் நாளாகிவிட்டது.

இந்த ஒற்றைத் தேதியை எவ்வளவு தூரம் நம்பலாம்? வான்கூவரில் கடைசி உறைபனி மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ முடிந்துவிடுகிறது. டொராண்டோ விமான நிலையப் பக்கம் அது ஏப்ரல் கடைசிக்கும் மே முதல் வாரத்துக்கும் இடையில் விழுகிறது. வினிபெக்கிலும் கல்கரியிலும் மே மூன்றாம் வாரத்தை ஒட்டி வருகிறது. கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரத்தார் ஜூன் பிறக்கும்வரை பொறுக்க வேண்டும். இவை நீண்டகாலச் சராசரிகள். இத்தனை இடங்களுக்கும் ஒரே தேதி பொருந்தும் என்றால் அது தற்செயலாகத்தான் இருக்க முடியும்.

இடத்தைவிடப் பயிர் விஷயத்தில்தான் அந்தத் தேதி அதிகம் தவறுகிறது என்பது என் கருத்து. பட்டாணியும் பசலைக்கீரையும் வெங்காயமும் விக்டோரியா தினத்துக்கு ஒரு மாதம் முன்பே மண்ணுக்குள் போயிருக்க வேண்டியவை. வெண்டையும் கத்தரியும் அந்த நாளில்கூட வெளியே போகத் தயாராக இல்லாதவை. நடுவில் நிற்கும் தக்காளிக்கு மட்டுமே அது ஏறத்தாழப் பொருந்துகிறது. பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவரும், ஏப்ரலில் ஒரு நாள் வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் நட்டுவிடுகிறவரும் செய்வது ஒரே பிழை. இருவரும் தோட்டத்தை ஒரே பயிராக நினைக்கிறார்கள்.

பழைய நாள்காட்டிகள்

தேதி குறித்து வைக்கும் பழக்கம் கனடாவுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து நாடுகளில் மே 11 முதல் 15 வரை வரும் நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். மாமெர்டஸ், பான்கிராஸ், செர்வேஷியஸ், போனிஃபேஸ் என வரிசையாக நான்கு ஆண்கள். கடைசியில், 15ஆம் தேதி, 'குளிர்ந்த சோபி'. சோபி போன பிறகே மென்மையான செடிகளை வெளியே எடுக்க வேண்டும் என்பது அங்கே இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கு. சுவீடனில் ஜூன் தொடக்கத்தில் வரும் உறைபனி இரவுகளுக்கு 'இரும்பு இரவுகள்' என்று பெயர். ஜப்பானில் வசந்தம் பிறப்பதாகக் கொள்ளும் பிப்ரவரி நாளிலிருந்து எண்ணி 88ஆம் இரவு, அதாவது மே 2ஐ ஒட்டி, உறைபனி விடைபெறுகிறது என்பார்கள். தேயிலை விவசாயிகளுக்கு அது முக்கியமான நாள்.

பனிப் புனிதர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1582இல் போப் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. புனிதர்களின் திருநாட்களோ பழைய எண்களிலேயே நின்றுவிட்டன. திருத்தத்துக்கு முன் உருவான நம்பிக்கை என்றால், அந்த விவசாயிகள் கண்ட குளிர் இன்றைய கணக்கில் மே 21 முதல் 25 வரையிலான நாட்களில் வந்தது. விக்டோரியா தினத்தோடு இது கிட்டத்தட்ட ஒட்டிப்போவது தற்செயல்தான் என்றாலும் கவனிக்கத்தக்க தற்செயல். குறிப்பிட்ட அந்த நாட்களில் ஆண்டுதோறும் குளிர் வரும் என்பதற்கு வானிலைப் பதிவுகளில் உறுதியான ஆதாரம் கிடையாது. வழக்கின் பயன் வேறு: மே நடுவில் குளிர் திரும்பலாம் என்பதை அது மறக்கவிடுவதில்லை.

எந்தத் தேதியும் காப்பாற்ற முடியாத ஆண்டுகளும் உண்டு. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் ஏற்றிய கந்தகத் துகள்கள் மறு ஆண்டு வட அமெரிக்காவின் கோடையைக் கெடுத்தன. 1816 ஜூன் 6 முதல் 10 வரை கியூபெக்கிலும் நியூ இங்கிலாந்திலும் பனி பொழிந்தது. மீண்டும் விதைத்த சோளத்தை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் உறைபனி கருக்கியது. வெர்மான்ட் விவசாயிகள் பலர் நிலத்தை விட்டுவிட்டு மேற்கே கிளம்பினார்கள். சமீப காலத்திலும் இதன் சிறிய வடிவங்கள் உண்டு. 2018 ஜூன் 4 அன்று நோவா ஸ்கோஷியாவின் அன்னபோலிஸ் பள்ளத்தாக்கில் இறங்கிய உறைபனி திராட்சைத் தோட்டங்களை வாட்டியது. 2020 மே இரண்டாம் வாரத்தில் டொராண்டோ மீதே பனித்துகள் பறந்தது.

சராசரி சொல்வதும் சொல்லாததும்

இன்று தேதி தேடுகிறவர்கள் புனிதர்களைக் கேட்பதில்லை. 'சராசரிக் கடைசி உறைபனி நாள்' என்ற அட்டவணையைப் பார்க்கிறார்கள். இது முன்னேற்றந்தான். ஆனால் பலர் அந்த நாளைப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். சராசரி மே 10 என்றால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு அதற்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்று பொருள். அன்று தக்காளி நடுகிறவர் நாணயம் சுண்டிப் பார்க்கிறார். ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க விரும்பினால் பொதுவாகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். மே 10உடன் பன்னிரண்டைக் கூட்டினால் மே 22 வருகிறது. தெற்கு ஒன்டாரியோவில் விக்டோரியா தின வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை, பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

அட்டவணை மறைக்கும் இன்னொன்று அளவெடுக்கும் உயரம். வானிலை நிலையத்தின் வெப்பமானி ஓர் ஆள் நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். மிளகாய்க் கன்று இருப்பதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்க, குளிர்ந்த காற்று கனத்துக் கீழே தங்கிவிடுகிறது. பெட்டிக்குள் 2 டிகிரி காட்டும்போது புல்நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். வானிலை அறிக்கை 3 டிகிரி என்றால் தோட்டக்காரர் போர்வையோடு கிளம்ப வேண்டும் என்பது இதனால்தான்.

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கவும் செய்யும். ஒரே தெருவில் மேட்டு வீட்டின் பூசணி தப்பிக்க, பள்ளத்து வீட்டின் பூசணி கருகுவது இதனால். சரிவின் குறுக்கே அடைத்துக் கட்டிய வேலி, தன் மேல்பக்கத்தில் குளிரைத் தேக்கிவைக்கும். தெற்கு பார்த்த செங்கல் சுவர் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல விடும். நகர நடுவில் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் தரும் வெப்பத்தால் புறநகரைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ முன்னதாகவே உறைபனி விலகிவிடுகிறது. ஒன்டாரியோ ஏரி செய்வது இன்னும் நுட்பமானது. குளிர்காலக் குளிரைத் தன்னுள் வைத்திருந்து, வசந்தத்தில் கரையோரக் காற்றைக் குளிர்வித்து, நயாகராவின் பீச் மரங்கள் அவசரப்பட்டுப் பூக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஏரிக் குளிரைத் திட்டுகிற நகரவாசிகள் அந்தப் பழத்தைத் தின்னும்போது அதை நினைப்பதில்லை.

இந்த இடத்தில் தோட்டப் பலகைகளிலும் நாற்றுத் தொட்டிகளிலும் எழுதியிருக்கும் 'மண்டல எண்' பற்றி ஒரு வார்த்தை. கனடாவின் தாவரத் தாங்குதிறன் மண்டல வரைபடம் 1967இல் ஊலே, ஷெர்க் என்ற இருவரின் ஆய்விலிருந்து வந்தது. குளிர்கால வெப்பநிலை, உறைபனியற்ற நாட்கள், மழை, பனியின் ஆழம், காற்று என ஏழு அளவைகளைக் கலந்து செய்தது. ரோஜாவோ ஆப்பிளோ குளிர்காலத்தைத் தாண்டுமா என்று அது சொல்லும். மே மாதம் எந்த நாளில் வெள்ளரி நடலாம் என்று சொல்லாது. ஒரே மண்டல எண் கொண்ட இரு ஊர்களின் வசந்தம் மூன்று வாரம் வேறுபடலாம். ஆண்டுப்பயிர் நடுவதற்கு அந்த எண்ணைப் பார்ப்பது வீண்.

பனிப்பொழிவா, தெளிந்த இரவா?

பிந்திய பனி என்றதும் வெள்ளையாகக் கொட்டும் பனியை நினைத்துத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் செடிக்கு அதுவே பெரிய எதிரி அல்ல. புதிதாக விழுந்த பனியின் பெரும்பகுதி காற்று; பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். அந்தக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பனிக்கு அடியில் இருக்கும் பட்டாணி முளை பூஜ்யம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் பத்திரமாக இருக்கும். ஆபத்து மறுநாள் இரவில் வருகிறது. மேகம் கலைந்து, காற்று அடங்கி, வானம் பளிச்சென்று தெரியும்போது, பனிப்பரப்பு தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. அடியில் இருக்கும் நிலத்தின் வெப்பத்தையும் மேலே விடாமல் தடுக்கிறது. பனிக்கு வெளியே தலை நீட்டிய இலைதான் அப்போது கருகும். ஆகவே பட்டாணி மேல் விழுந்த பனியைத் தட்டிவிடாமல் இருப்பதே நல்லது. தக்காளித் தண்டும் பூத்த லைலாக் கிளையும் வேறு. ஈரப்பனியின் கனத்தில் முறிந்துவிடும். அவற்றை மட்டும் உதறிவிட வேண்டும்.

ஏப்ரல் பனியை ஏழையின் உரம் என்று பழைய விவசாயிகள் சொல்வதுண்டு. காற்றிலிருந்து கொஞ்சம் நைட்ரஜனை அது கொண்டுவருவது உண்மை. அளவு மிகச் சொற்பம். பனியின் பெரிய கொடை மெதுவாக உருகி மண்ணுக்குள் இறங்கும் ஈரம். பெரிய கெடுதலும் அந்த ஈரந்தான். பனி முழுதாக உருகும்வரை வெயிலின் ஆற்றல் உருக்குவதற்கே போய்விடும், மண் சூடேறாது. உருகிய பிறகும் நனைந்த களிமண் சூடேற நாளாகும். அந்த நிலையில் மண்வெட்டியைப் போட்டால் களிமண் பாளமாக இறுகி அந்தக் கோடை முழுக்கப் பழிவாங்கும். ஒரு பிடி மண்ணைப் பிசைந்து உருட்டி விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பாத்திகளின் முழு இலாபமும் இங்கேதான் இருக்கிறது: தண்ணீர் வடியும், சீக்கிரம் சூடேறும்.

உறைபனி இலையை எப்படிக் கொல்கிறது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இலையின் நீர் சரியாகப் பூஜ்யத்தில் உறைய வேண்டும் என்பதில்லை. பனிக்கட்டி திரள்வதற்கு ஒரு கரு வேண்டும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா இலைமேல் அந்தக் கருவாக வேலை செய்கிறது. அது இல்லாத இலை சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். பனியை உருவாக்கும் மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை 1987இல் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயலில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரை அனுமதி பெற்றுத் திறந்த வெளியில் விட்டது அதுவே முதல் முறை. பெரும் எதிர்ப்பு எழுந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. நமக்குப் பழைய படுக்கைவிரிப்புதான்.

மண்ணின் கணக்கு

காற்றைப் பற்றி இத்தனை பேசுகிறோம். விதைக்குக் காற்று தெரியாது, மண்தான் தெரியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹாரிங்டன் தொகுத்த முளைப்பு அட்டவணை இன்றும் பல தோட்டக் கையேடுகளில் அடிநாதமாக இருக்கிறது. வெங்காயம், பசலை, லெட்யூஸ் விதைகள் 2 டிகிரி மண்ணிலேயே முளைக்கத் தொடங்கும். பட்டாணி, காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் சுமார் 4 அல்லது 5 டிகிரியில். தக்காளிக்கும் சோளத்துக்கும் 10. பீன்ஸ், வெள்ளரி, மிளகாய், கத்தரி, வெண்டை எல்லாம் 15 டிகிரிக்குக் கீழே அசையாது.

முளைக்கத் தொடங்கும் என்பது விரைவாக முளைக்கும் என்பதல்ல. அந்த அட்டவணையின்படி பட்டாணி 5 டிகிரியில் முளைவிட 36 நாள் எடுக்கிறது. 10 டிகிரியில் 14 நாள். 15 டிகிரியில் 9. ஏப்ரல் 1 அன்று குளிர்ந்த மண்ணில் போட்டவருக்கு மே 7இல் முளை வரும். இருபது நாள் கழித்து 10 டிகிரி மண்ணில் போட்டவருக்கு அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். இடையில் மண் சூடேறுவதால் நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவு கூர்மையாக இருக்காது என்றாலும், முந்தி விதைத்தவரின் இலாபம் அவர் நினைப்பதைவிடக் குறைவு. வெண்டைக்கு இது இன்னும் கடுமை: 15 டிகிரியில் 27 நாள், 30 டிகிரியில் ஏழே நாள். அந்த 27 நாளும் விதை ஈர மண்ணில் சும்மா இருப்பதில்லை. பூஞ்சை அதைத் தின்றுகொண்டிருக்கும்.

பீன்ஸுக்குத் தனிப் பலவீனம் உண்டு. காய்ந்த விதை முதல் சில மணி நேரத்தில் உறிஞ்சும் தண்ணீர் மிகக் குளிர்ந்ததாக இருந்தால், உள்ளே செல்சவ்வுகள் சரியாகச் சீரமையாமல் சேதமாகின்றன. பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தச் சேதம் ஆறாது. விதை அழுகிவிட்டது என்று விதைக்கடைக்காரரைத் திட்டுகிறோம். தவறு அவர் மீது இல்லாமலும் இருக்கலாம்.

நாற்று நடுவதிலும் இதே கதை. உறைபனி விழாவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது தவறு. வெப்பமண்டலத்துச் செடிகளுக்கு 10 டிகிரிக்குக் கீழே, உறையாத குளிரே காயம். குளிர்ந்த மண்ணில் தக்காளி வேர் பாஸ்பரஸை எடுக்க முடியாமல் திணறும். இலையடி ஊதா நிறமாகும். பூமொட்டு உருவாகும் நேரத்தில் குளிர் பட்டால் பின்னால் வரும் காய் கோணலும் தழும்புமாக இருக்கும். மே தொடக்கத்தில் நட்டு முடங்கிப்போன கன்றை, மே கடைசியில் நட்ட கன்று ஜூன் முடிவதற்குள் எட்டிப்பிடித்துவிடுவதைத் தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வேறு சில பயிர்களில் விளைவு தலைகீழ். முட்டைக்கோஸ், செலரி, வெங்காயம் போன்றவை ஓரளவு வளர்ந்த நிலையில் பல வாரம் குளிரில் நின்றால், ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, தலை கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும்.

பிந்துவதற்கும் விலை உண்டு. பசலைக்கீரை நீளமான பகலைக் கண்டால் பூத்துவிடும். டொராண்டோவில் ஜூன் நடுவில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும், எட்மன்டனில் 17ஐத் தொடும். பட்டாணி 30 டிகிரி வெயிலில் காய் பிடிப்பதை நிறுத்திவிடும். விக்டோரியா தினத்தன்று பட்டாணி விதைக்கிறவர் உறைபனியிலிருந்து முழுமையாகத் தப்பித்து, விளைச்சலையும் இழக்கிறார்.

செடி காட்டும் நாள்

தேதியையும் வெப்பமானியையும் விட்டுச் சுற்றியுள்ள செடிகளையே கேட்பது மூன்றாவது வழி. இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, மிசூரி ஆற்றங்கரையின் ஹிடாட்சா இனத்தைச் சேர்ந்த மாஹிடிவியா. எருமைப்பறவைப் பெண் என்று அறியப்பட்ட இவர் இன்றைய வடக்கு டகோட்டாவில் தன் இனத்தார் செய்த வேளாண்மையை விரிவாகச் சொல்ல, கில்பர்ட் வில்சன் அதைப் பதிவுசெய்து 1917இல் வெளியிட்டார். கடுங்குளிர் நாட்டில் தோட்டம் பற்றி வெளிவந்த நூல்களில் இதற்கு இணையாகச் சிலவே இருக்கும்.

அவர்கள் ஏப்ரலில் மண் கொத்த வந்ததும் முதலில் வயலோரங்களில் சூரியகாந்தி போட்டார்கள். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகும் பெண்கள், காட்டு நெல்லிப் புதர்களில் இலை ஏறக்குறைய முழுதாக விரிந்ததைக் கண்டு வந்து சொன்னதும் சோளம் தொடங்கியது. அதன் பிறகு பூசணி, அதற்கும் பிறகு பீன்ஸ். பூசணி விதையை அப்படியே போடவில்லை. ஈரப் புல்லோடு எருமைத்தோலில் பொதிந்து குடிலுக்குள் நெருப்பின் அருகே தொங்கவிட்டு, முளைகட்டிய பிறகே வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தேதி இல்லை, பயிருக்கொரு நேரம் இருந்தது. ஹாரிங்டன் அட்டவணையின் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான்.

கிழக்கே ஓக் இலை அணிலின் காதளவு ஆனதும் சோளம் போடச் சொல்லும் வழக்கு பூர்வகுடிகளிடமிருந்து குடியேறிகள் பெற்றது. 1956இல் ஜோசப் காப்ரியோ மொன்டானாவில் லைலாக் பூக்கும் நாட்களைப் பொதுமக்களைக் கொண்டு பதிவுசெய்யும் வலையமைப்பைத் தொடங்கியபோது இந்த வழக்குகளுக்கு ஓர் அறிவியல் உருவம் கிடைத்தது. அங்கே பூக்கும் நாள் என்பது அதுவரை சேர்ந்த வெப்பத்தின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டலைச் செடி எந்தக் கருவியும் இல்லாமல், அந்தத் தோட்டத்தின் பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்தே செய்துவிடுகிறது.

இந்த வழியின் ஓட்டை, செடிக்குப் போனது தெரியுமே தவிர வரப்போவது தெரியாது என்பது. 2012 மார்ச்சில் ஒன்டாரியோவில் 20 டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் வெயில் அடித்தது. ஆப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் இயல்பான உறைபனி, இயல்பான நேரத்தில் வந்தது. மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. முழுதாக விரிந்த ஆப்பிள் பூவில் பத்தில் ஒன்றைக் கொல்ல மைனஸ் 2 டிகிரி போதும். மைனஸ் 4ஐ நெருங்கினால் பத்தில் ஒன்பது போகும். உறக்கத்தில் இருந்த மொட்டாக இருந்திருந்தால் அந்தக் குளிரைப் பொருட்படுத்தியிராது.

புவி வெப்பமடைவதால் பிந்திய பனிப் பிரச்சினை தானாகவே தீரும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு மறுப்பு. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் போபியனும் ஆண்ட்ரியாஸ் ஹாமனும் 1936 முதல் 2006 வரையான பூப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் எழுதியதில், அங்கே முதலில் பூக்கும் ஆஸ்பன் மரமும் புல்வெளிக் குரோக்கஸும் இரண்டு வாரம் முந்திவிட்டன; பிந்திப் பூக்கும் இனங்களோ அதிகபட்சம் ஆறு நாள்தான் முந்தின. வசந்தம் முழுதாக நகரவில்லை, அதன் முன்விளிம்புதான் நீண்டிருக்கிறது. மார்ச்சின் சூட்டுக்கும் மேயின் குளிருக்கும் இடையில் நிற்கும் நாட்கள் கூடியிருக்கின்றன. கல்கரியில் குளிர்காலத்திலேயே வீசும் சினூக் என்ற வெப்பக்காற்று இந்த ஏமாற்றத்தைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் ஒரு நல்ல வாரத்தை நம்பாதவர்கள். மற்ற ஊர்க்காரர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது அது.

டொராண்டோவின் புடோல் பந்தல்

கனடாவில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடங்களில் ஒன்று தமிழர்களின் வீட்டுப் பின்வளவு. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஈழத்துக் குடும்பங்கள் விரும்பிப் பயிரிடும் எல்லாமே ஹாரிங்டன் அட்டவணையின் கடைசி வரிசை: பச்சைமிளகாய், கத்தரி, வெண்டை, பயிற்றை, பாகல், புடோல். அயல்வீட்டுக்காரர் தக்காளி நடும் நாளில் இவற்றையும் நடுவது பெரும்பாலும் பத்து நாள் அவசரம். இரவு வெப்பம் தொடர்ந்து 12, 13 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கிய பிறகே மிளகாயும் கத்தரியும் வெளியே போக வேண்டும். அது பல ஆண்டுகளில் ஜூன் முதல் வாரம்.

அப்படியானால் கோடை போதுமா? முதல் இலையுதிர் உறைபனி அங்கே பொதுவாக அக்டோபரில் வருகிறது. ஆகவே வீட்டுக்குள் தொடங்கும் நாளில்தான் வெற்றி இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தை நடவு நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணினால், மிளகாயும் கத்தரியும் எட்டு முதல் பத்து வாரம் முன்பு, அதாவது மார்ச் கடைசி அளவில், ஜன்னலோரத்துக்கோ விளக்கடிக்கோ வர வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம். பாகல், புடோல் போன்ற கொடிகளுக்கு மூன்று, நான்கு வாரமே போதும். அவை வேர் கலைவதைப் பொறுக்காதவை. முந்திப் போட்டுச் சாடிக்குள் சுருள விடுவதில் பயனில்லை. வெளியே கொண்டுபோவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் நிழலில் தொடங்கி வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். இதைச் செய்யாததால் சாகும் நாற்றுகள் உறைபனியில் சாகும் நாற்றுகளுக்குக் குறைந்தவை அல்ல என்பது என் ஊகம்.

எவ்வளவு முந்தி நட்டாலும் பயன் தராத பயிர்களும் ஊரிலிருந்து வந்திருக்கின்றன. சிறகவரையும், அவரையின் பழைய இனங்கள் பலவும், பகல் குறுகினால்தான் பூக்கும். கொடி ஜூலை முழுக்கப் பந்தலை மூடிக்கொண்டு பச்சைப்பசேலென்று நிற்கும். செப்டம்பரில் பூத்து, பிஞ்சு பிடிக்கும்போது உறைபனி வந்துவிடும். இங்கே தேதியை மாற்றிப் பயனில்லை, விதையைத்தான் மாற்ற வேண்டும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இனங்களைத் தேட வேண்டும்.

விதையை மாற்றிக் குளிரை வென்ற வழி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மேற்குப் புல்வெளியைக் கோதுமை நாடாக்கிய மார்க்விஸ் இனம், 1892இல் ஒட்டவிட்ட ரெட் ஃபைஃப், இந்தியாவிலிருந்து வந்த ஹார்ட் ரெட் கல்கத்தா ஆகியவற்றின் வாரிசு. 1904இல் சார்லஸ் சாண்டர்ஸ் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் சில நாட்கள் முன்பே முற்றிவிடுவதுதான். அந்தச் சில நாட்கள் உறைபனிக்கு முன்னும் பின்னுமான வித்தியாசமாக இருந்தன. வட ஆல்பர்ட்டாவின் பீவர்லாட்ஜ் ஆய்வு நிலையம் 'சப்-ஆர்க்டிக்' என்ற பெயரில் விரைவில் காய்க்கும் சிறு தக்காளி இனங்களைத் தந்தது. சுவையில் அவை கொடிகட்டிப் பறக்கவில்லை, காய்த்தன.

மூடாக்குத் துணி, கண்ணாடிக் கூடு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் சுவர் எல்லாம் சில டிகிரியையும் சில வாரத்தையும் வாங்கித் தரும். மெல்லிய துணி சுமார் 2 டிகிரி தாங்கும். மாலையில் மண்ணை நனைத்து, துணி தரையைத் தொடும்படி மூடினால்தான் அந்த 2 டிகிரியும் கிடைக்கும். குடைபோல் மேலே மட்டும் போர்த்தினால் வெப்பம் பக்கவாட்டில் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் காய்கறிக்காரர்கள் குதிரைச் சாணத்தின் புளிப்புச் சூட்டின் மேல் பாத்தி கட்டி, கண்ணாடிக் குடுவையால் கவிழ்த்து, குளிர்காலத்திலேயே லெட்யூஸ் விற்றார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பத்துச் செடிக்குப் பத்து மூடி வாங்கி, மே தொடக்கத்தில் இரண்டு தக்காளியை மட்டும் சூதாட்டமாக நட்டு, மீதியைக் காக்க வைப்பது நியாயமான விளையாட்டு.

எது நம்பத்தக்கது என்று கேட்டால், என் வரிசை இப்படி: குளிர் தாங்கும் பயிர்களுக்கு மண்ணின் பதம், வெப்பப் பயிர்களுக்கு மண்ணின் வெப்பமும் அடுத்த பத்து நாள் இரவு முன்னறிவிப்பும், இவற்றைப் பார்க்க நேரமில்லாதவருக்குத் தேதி. சில டாலரில் கிடைக்கும் மண் வெப்பமானியைக் காலையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பார்ப்பவர், கடையில் நாற்று வந்துவிட்டதே என்று தவிக்கமாட்டார். கடைக்காரர் ஏப்ரலில் தக்காளி விற்பது அவர் வியாபாரம். செத்தால் மே மாதம் இன்னொரு தட்டு விற்பார்.

ஊர்ச் சராசரிகள் விமான நிலையங்களைப் பற்றியவை; நம் பின்வளவுகளைப் பற்றிய பதிவு நம்மிடம்தான் உருவாக வேண்டும். ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் கடைசி உறைபனி விழுந்த நாள், தெருவில் லைலாக் முதலில் பூத்த நாள், மிளகாய் நட்ட நாள், முதல் காய் பறித்த நாள் என்ற நான்கை மட்டும் எழுதி வையுங்கள். லைலாக் பூத்த நாளைப் பொதுமக்களின் குறிப்புகளாலேயே நடக்கும் கனடாவின் பிளான்ட்வாட்ச் திட்டத்துக்கும் அனுப்புங்கள். புடோலுக்கும் பயிற்றைக்கும் ஸ்கார்பரோவில் எந்த வாரம் ஏற்றது என்பதை எந்த அரசு அட்டவணையும் எழுதித் தரப்போவதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் அவற்றைப் பயிரிடுகிறவர்கள்தான்.